மாசாய் மாரா போகிறீர்களா? ராத்திரி எங்கே தங்குவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கென்யாவுக்கு சஃபாரி போகப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் எந்த மாதம், எவ்வளவு பட்ஜெட் என்றெல்லாம் கேட்பதில்லை. ராத்திரி எங்கே தங்கப் போகிறீர்கள் என்றுதான் கேட்பேன். அங்கே கொடுக்கும் பணம் யார் கைக்குப் போகிறது என்பதில் முக்கால்வாசி அந்த ஒரு முடிவிலேயே தீர்ந்துவிடுகிறது.

முதல் தடவை போனபோது எனக்கு இது தெரியாது. ஒரு ஏஜென்ட் கொடுத்த பேக்கேஜை அப்படியே வாங்கிக்கொண்டு போனேன். மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்து வாசல் பக்கம் ஒரு பெரிய லாட்ஜில் மூன்று இரவு, ஒரு சிங்கத்தைச் சுற்றி இருபது வண்டி நிற்க அதில் எங்களுடையதும் ஒன்று, கடைசி நாள் "ஸ்கூல் விசிட்". பென்சில் பெட்டி கொடுத்தேன், பிள்ளைகள் பாடினார்கள், போட்டோ எடுத்தோம், கிளம்பிவிட்டோம். ஏதோ நல்ல காரியம் செய்துவிட்ட நினைப்பில் ஒரு வருடம் இருந்தேன். இரண்டாவது தடவை போய்ப் பத்து நாள் அங்குள்ளவர்களோடு பேசிய பிறகுதான் எங்கே கோட்டை விட்டேன் என்று புரிந்தது. நீங்கள் முதல் தடவையே சரியாகப் போய்வர இதை எழுதுகிறேன்.

1. காப்பகம் வேறு, கன்சர்வன்சி வேறு

மாசாய் மாரா தேசியக் காப்பகம் சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். தெற்கே எல்லையைத் தாண்டினால் தான்சானியாவின் செரெங்கெட்டி. காப்பகத்துக்குள் நுழையக் கட்டும் பணம் நாரோக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அரசுக்குப் போகிறது. (மேற்குப் பக்கம் மாரா முக்கோணம் என்ற பகுதியை மட்டும் 2001 முதல் ஒரு லாப நோக்கமற்ற அமைப்பு நிர்வகிக்கிறது. பராமரிப்பு நன்றாக இருக்கும்.)

காப்பகத்துக்கு வடக்கிலும் கிழக்கிலும் இருக்கும் புல்வெளி அரசு நிலம் இல்லை, மாடு மேய்க்கும் மாசாய் இனக் குடும்பங்களுக்குச் சொந்தமானது. முன்பு அது கூட்டுப் பண்ணைகளாக இருந்து, பிறகு குடும்பவாரியாகப் பங்கு பிரித்துப் பட்டா கொடுக்கப்பட்டது. பட்டா கைக்கு வந்த மனிதர் நிலத்தை விற்கலாம், கோதுமைக்குக் குத்தகை விடலாம், சுற்றிலும் கம்பி வேலி போடலாம். அவர் வேலி போட்டால், கூட்டமாக இடம்பெயரும் வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் இனம் அந்த வழியாகப் போக முடியாது. லோயிட்டா சமவெளியிலிருந்து மாராவுக்கு வந்து போகும் வில்டபீஸ்ட் கூட்டம் மிகவும் சுருங்கிப் போனதற்கு வேலியும் உழவும் பெரிய காரணம். அந்தக் குடும்பங்களைக் குறை சொல்ல முடியாது. நம் நிலம் என்றால் நாமும் அதைத்தான் செய்வோம்.

இதற்கு அவர்கள் கண்ட வழிதான் கன்சர்வன்சி. பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் சேர்ந்து, வேலி போடாமல், நிலத்தை மொத்தமாகச் சில கேம்ப்களுக்கு (பயணிகள் தங்கும் கூடார விடுதிகளுக்கு) குத்தகைக்கு விடுகிறார்கள். ஓல் கின்யெய் 2005, ஓலாரே ஓரோக் 2006, நபோய்ஷோ 2010 என்று ஒவ்வொன்றாக வந்தன. நபோய்ஷோ என்றால் மாசாய்கள் பேசும் மா மொழியில் ஒன்றுகூடுதல். சுமார் 50,000 ஏக்கர், 500க்கும் மேற்பட்ட குடும்பங்கள். குத்தகைப் பணம் நிலக்காரருக்கு வங்கிக் கணக்கு வழியாகவோ செல்போனில் எம்-பெசா வழியாகவோ போகிறது, நடுவில் கைமாறுவதில்லை. கூட்டம் இல்லாத மாதத்திலும் அந்தப் பணம் வர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. 2020-இல் கொரோனா வந்து கேம்ப்கள் காலியாகக் கிடந்தபோது மட்டும் பல இடங்களில் அதைக் குறைக்க வேண்டிவந்தது.

பள்ளிக்கூடம் இதில் எங்கே வருகிறது என்கிறீர்களா? கென்யாவில் 2003-லிருந்து ஆரம்பப் பள்ளிக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் மாரா பக்கம் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே யானையும் காட்டெருமையும் திரியும் காடு, அதனால் கொஞ்சம் பெரிய வகுப்பு வந்துவிட்டால் விடுதியுள்ள பள்ளியில்தான் சேர்க்க வேண்டும், விடுதி என்றால் ஃபீஸ், ஃபீஸ் என்றால் ஒரு மாட்டை விற்க வேண்டும், மழை பொய்த்த வருடத்தில் மாட்டுக்கு விலையே கிடையாது. இந்த இடத்தில்தான் மாதாமாதம் வரும் குத்தகைப் பணம் கை கொடுக்கிறது. என்னிடம் பேசிய அப்பாக்கள் முக்கால்வாசிப் பேர் அந்தப் பணம் ஃபீஸுக்குப் போகிறது என்றுதான் சொன்னார்கள். சிங்கம் இருந்தால் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டலாம் என்று கணக்குப் போடும் குடும்பம் சிங்கத்துக்கு விஷம் வைக்கத் தயங்கும். 2015 டிசம்பரில், உலகமே தொலைக்காட்சியில் பார்த்த மார்ஷ் பிரைட் சிங்கக் கூட்டத்துக்கே விஷம் வைத்துவிட்டார்கள். மாட்டை இழந்த கோபம். செத்த மாட்டின் உடலில் பூச்சிமருந்து.

கன்சர்வன்சிக்கு ஜே போட வேண்டும் என்று சொல்லவில்லை. பட்டா பெரும்பாலும் ஆண்கள் பேரில் இருப்பதால் குத்தகைப் பணமும் அவர்கள் கைக்கே போகிறது, பங்கு பிரித்தபோது நிலம் கிடைக்காதவர்களுக்கு ஒன்றுமில்லை, மேய்ச்சலுக்கு விதி இருக்கிறது, மீறினால் அபராதமும் உண்டு. சில இடங்களில் மாட்டை ஒழுங்குமுறையோடு உள்ளே விட்டு, நகர்த்தக்கூடிய பட்டியில் ராத்திரி அடைத்து, சில நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றுகிறார்கள். நம் ஊரில் வயலில் கிடை போடுவோமே, கிட்டத்தட்ட அதேதான். சாணி விழுந்த இடத்தில் புல் நன்றாக வருகிறது, பின்னாலேயே வரிக்குதிரையும் வருகிறது.

2. எப்போது போவது

வில்டபீஸ்ட் கூட்டம் பொதுவாக ஜூலையிலிருந்து அக்டோபர் வரை மாரா பக்கம் இருக்கும். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள், அவை கடக்கும் மாரா ஆற்றில் முதலை, கரையில் கேமரா. அதற்கேற்ற கூட்டமும் விலையும். நாரோக் கவுண்டி 2024-இல் கட்டணத்தை ஏற்றியது: வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200. சீட்டு காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரைதான் செல்லும். போகும் முன் ஒருமுறை இன்றைய கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கணவன் மனைவி இரண்டு பேர் ஆகஸ்டில் மூன்று நாள் உள்ளே போனால் வாசல் கட்டணம் மட்டும் 1,200 டாலர்.

ஆற்றைக் கடக்கும் காட்சியைப் பார்த்தே தீர வேண்டும் என்ற வெறி இல்லாதவர்களுக்கு என் சிபாரிசு ஜனவரி, பிப்ரவரி அல்லது ஜூன். சிங்கமும் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் எங்கேயும் போய்விடாது. மார்ச் கடைசியிலிருந்து மே வரை பெருமழை, கரிசல் மண்ணில் வண்டி புதைந்தால் இறங்கித் தள்ள வேண்டியதுதான். இன்னொன்று, ஆகஸ்டில் அங்கே பள்ளி விடுமுறை. "ஆகஸ்டில் ஸ்கூல் காட்டுகிறோம்" என்று ஒருவர் சொன்னால், விடுமுறையில் எந்தப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் காட்டப் போகிறார் என்று கேளுங்கள்.

3. கேம்புக்கு எழுதும் மெயில்

இதை மட்டும் சோம்பல்படாமல் செய்யுங்கள். "ஈகோ" என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம், அதற்கு வரி கிடையாது. ஈகோடூரிசம் கென்யா என்ற அமைப்பு கேம்ப்களைச் சோதித்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரச்சான்று கொடுக்கிறது, முதலில் அதைப் பாருங்கள். சான்று இருந்தாலும் நேரடியாக நாலு கேள்வி கேட்டு எழுதுங்கள்.

நீங்கள் எந்தக் கன்சர்வன்சியில் இருக்கிறீர்கள், நான் கட்டும் ஒரு இரவுத் தொகையில் கன்சர்வன்சி கட்டணம் எவ்வளவு, அது நிலக்காரருக்கு எப்படிப் போகிறது? (பெரும்பாலும் ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு நூறு டாலரைத் தாண்டும். தங்கும் கட்டணத்தோடு சேர்த்தே போட்டிருப்பார்கள்.) வேலை செய்பவர்களில் எத்தனை பேர் சுற்றுவட்டார ஆட்கள், அதில் வழிகாட்டியாகவும் மேலாளராகவும் எத்தனை பேர், பெண் வழிகாட்டி உண்டா? கரண்ட் சோலாரா ஜெனரேட்டரா, வெந்நீருக்கு எந்த விறகு, குப்பை எங்கே போகிறது? பள்ளிக்கு உதவுகிறோம் என்று போட்டிருக்கிறீர்களே, எந்தப் பள்ளி, எத்தனை வருடமாக, என்ன தேவை என்று முடிவு செய்வது யார், பணத்தைக் கையாள்வது யார்?

நல்ல இடம் என்றால் இரண்டு நாளில் எண்ணோடு பதில் வரும். "நாங்கள் சமூகத்தை நேசிக்கிறோம்" என்று பூச்செண்டு மாதிரி ஒரு பதில் வந்தால் அடுத்த கேம்பைப் பாருங்கள்.

கேம்ப்களில் கூடார எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, இத்தனை ஏக்கருக்கு ஒரு கூடாரம் என்று கணக்கு. அதனால்தான் விலை அதிகம். ராத்திரி சஃபாரியும் வழிகாட்டியோடு நடந்து போவதும் காப்பகத்துக்குள் கிடையாது, கன்சர்வன்சியில் உண்டு. காசு கட்டாது என்பவர்கள் இரண்டு இரவைக் கன்சர்வன்சியிலும் ஒரு நாளைக் காப்பகத்திலும் வைத்துக்கொண்டு ஊர் திரும்பலாம். ஐந்து நாள் மலிவாகச் சுற்றுவதைவிட அது மேல் என்பது என் கருத்து, எல்லாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

4. காகிதம், ஊசி, மூட்டை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கென்யாவுக்கு 2024 ஜனவரியிலிருந்து விசாவுக்குப் பதில் இ.டி.ஏ. என்ற மின்னணு அனுமதி, ஆன்லைனில் எடுக்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கண்டிப்பாக வேண்டும், அட்டை இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டுவிடுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும், அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். மலேரியா மாத்திரைக்கு டாக்டரைக் கேளுங்கள்.

பிளாஸ்டிக் கவரை 2017-லேயே தடை செய்த நாடு அது. 2020 ஜூனிலிருந்து காப்பகங்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலும் கூடாது. பொடி, ஊறுகாய், முறுக்கு எல்லாம் எவர்சில்வர் டப்பாவுக்கு மாறட்டும். ராணுவ உடை மாதிரிப் பச்சை அச்சுத் துணி சட்டப்படி கூடாது. கறுப்பும் கருநீலமும் ட்செட்ஸி என்ற கடிக்கும் ஈயைக் கூப்பிடும். நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து குட்டி விமானத்தில் போவதானால் 15 கிலோ, அதுவும் மடங்கும் பையில். சாலை வழி என்றால் ஐந்தாறு மணி நேரம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். சப்பாத்தியும் "சாய்" டீயும் அங்கே அந்தப் பெயரிலேயே உள்ளூர்ச் சாப்பாடு, ந்தெங்கு என்று கேட்டால் பச்சைப்பயறுக் குழம்பு வரும். உறைப்பு மட்டும் இருக்காது.

5. வண்டியில் ஏறியதும்

முதல் நாள் காலையிலேயே வழிகாட்டியிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: கிட்டத்தில் போய்க் காட்டினால் அதிக டிப்ஸ் என்று நாங்கள் நினைக்கவில்லை, தூரத்திலிருந்து பார்த்தால் போதும். பாதி அத்துமீறல் பயணிகளைச் சந்தோஷப்படுத்த நடப்பதுதான். ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்பது விதி, காப்பகத்தில் பாதையை விட்டு இறங்குவதும் கூடாது. சீசனில் இரண்டும் காற்றில் பறக்கும்.

இதனால் அதிகம் அடிபடுவது சிவிங்கிப்புலி. (நம் செய்திகளில் சிறுத்தை என்று எழுதிக் குழப்புவார்களே, அதுதான்.) அது பகலில் வேட்டையாடும் விலங்கு, நம் வண்டியும் பகலில்தான் ஓடுகிறது. மாராவில் செய்த ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. வண்டிகள் குறைவாக வரும் இடத்தில் ஒரு தாய் சராசரியாக 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்கியது, கூட்டம் அதிகமான இடத்தில் 0.2. இந்த எண்ணைப் படித்த பிறகு, ஆறாவது வண்டியாகப் போய் நிற்க எனக்கு மனசு வரவில்லை.

வழிகாட்டியின் சட்டையில் வெண்கலம், வெள்ளி அல்லது தங்க பேட்ஜ் இருக்கிறதா பாருங்கள், அது வழிகாட்டிகள் சங்கத்தில் தேர்வு எழுதி வாங்குவது. மாசாய் இளைஞர்களுக்கென்றே கோயாக்கி என்ற இடத்தில் வழிகாட்டிப் பள்ளி 2005-இல் தொடங்கியது, அங்கே பெண்களும் படித்து வந்திருக்கிறார்கள். நம் கண்ணுக்குப் புல் மட்டும் தெரிகிற இடத்தில் அவர்கள் சிங்கத்தின் காது நுனியைப் பார்த்துவிடுவார்கள்.

6. ஊருக்குள் போனால்

மாசாய் குடியிருப்பை எங்காங் என்பார்கள், டூரிஸ்ட் பாஷையில் மன்யாட்டா. சுற்றிலும் முள்வேலி, நடுவில் மாடு, குச்சியும் சாணியும் மண்ணும் குழைத்துப் பெண்கள் கட்டிய வீடு. நுழைவுக் கட்டணம் வாங்குவார்கள், குதித்து ஆடிக் காட்டுவார்கள், முடிவில் பாசிமணிச் சந்தை. இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, அவர்கள் வீட்டைப் பார்க்க அவர்கள் காசு கேட்கிறார்கள். ஆனால் என் முதல் பயணத்தில் ஓட்டுநரிடம் கொடுத்த தொகையில் பெரும்பங்கு ஊருக்குப் போகவே இல்லை என்று பிற்பாடு தெரிந்தது. பணத்தை ஓட்டுநர் கையில் கொடுக்காதீர்கள். கேம்ப் மூலம் கட்டுங்கள், அல்லது ஊர்ப் பெரியவர் கையில் எல்லார் முன்னாலும் கொடுங்கள். மணி மாலையை அதைக் கோர்த்த பெண்ணிடமே வாங்குங்கள், கொஞ்சம் பேரம் பேசலாம், அடிமாட்டு விலைக்குக் கேட்காதீர்கள்.

வணக்கத்துக்கு "சோபா" என்றால் "இப்பா" என்று பதில் வரும். நன்றிக்கு "ஆஷே ஓலெங்". இந்த இரண்டும் போதும், முகம் மலர்ந்துவிடும். பெரியவர்களைக் கேட்டுவிட்டுப் போட்டோ எடுங்கள், பிள்ளைகளை எடுக்காமலே இருங்கள். நம் தெருவில் வெள்ளைக்காரர் வந்து நம் குழந்தையைப் படம் பிடித்தால் எப்படியோ அப்படித்தான்.

மாசாய் நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நல்லது. 1904, 1911 ஒப்பந்தங்களைக் காட்டிப் பிரிட்டிஷார் அவர்களைச் செழிப்பான மேய்ச்சல் நிலங்களிலிருந்து தெற்கே தள்ளினார்கள். 1959-இல் செரெங்கெட்டியை விட்டு வெளியேற்றினார்கள். 2022 ஜூனில் தான்சானியாவின் லோலியொண்டோவில் வனவிலங்குக்கென்று 1,500 சதுர கிலோமீட்டருக்கு எல்லைக்கல் நட்டபோது மோதல் வெடித்தது. அதனால் "மாடு மேய்ப்பதால்தான் காடு அழிகிறது" என்று அங்கே உட்கார்ந்துகொண்டு பேசாதீர்கள். நான் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

7. பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால்

தோன்றும். அப்போது மிட்டாய், பென்சில், பழைய துணி மூன்றையும் மறந்துவிடுங்கள். சாலையோரம் மிட்டாய் கொடுத்தால் மறுநாள் பிள்ளைகள் வகுப்பை விட்டுச் சாலைக்கு வருவார்கள். பாடப்புத்தகம் அரசே கொடுக்கிறது, நம் ஊர்ப் புத்தகம் அவர்கள் பாடத்திட்டத்துக்கு உதவாது. "இரண்டு நாள் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறேன்" என்பதும் வேண்டாம். சம்பளம் இல்லாமல் வேலை செய்யவே அங்கே தனி அனுமதி வேண்டும், அதைவிட, நீங்கள் போன பிறகு அந்த இரண்டு நாள் பாடத்தை ஆசிரியர் மறுபடி நடத்த வேண்டும்.

நடப்பில் இடிப்பது வேறு. அரசு அனுப்பும் ஆசிரியர் போதாமல், பெற்றோர் காசு சேர்த்துச் சம்பளம் கொடுக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சம்பளம் தள்ளிப்போனால் அந்த ஆசிரியர் வேறு வேலைக்குப் போய்விடுவார். மதியம் சோளமும் பீன்ஸும் வேக வைத்துப் போட்டால் வருகை கூடும், நிறுத்தினால் குறையும். பெண்பிள்ளைகள் பாதியில் நிற்பதற்குச் சிறுவயதுக் கல்யாணம் காரணம், விடுதி இருந்தால் தாக்குப்பிடிக்கிறார்கள். நாரோக் கவுண்டியில் எனோசாயென் என்ற ஊரில் ககெனியா ன்டாயா என்ற மாசாய் பெண்மணி 2009-இல் பெண்பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளி தொடங்கினார். பெண்ணுறுப்புச் சிதைப்பும் பால்ய விவாகமும் கிடையாது என்று பெற்றோர் ஒத்துக்கொண்டால்தான் சேர்க்கை. அவர் அதே ஊர்க்காரர் என்பதால் அந்த நிபந்தனை எடுபட்டது. வெளியாட்கள் போய்ச் சொல்லியிருந்தால் கதவைச் சாத்தியிருப்பார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். ஊர் திரும்பிய பிறகு செய்யுங்கள், அங்கே நின்றுகொண்டு உணர்ச்சிவசப்பட்டுக் கொடுக்காதீர்கள். கேம்ப் நடத்தும் பதிவு பெற்ற அறக்கட்டளைக்கோ பள்ளியின் வங்கிக் கணக்குக்கோ அனுப்புங்கள். தலைமையாசிரியரிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள், நீங்கள் யோசனை சொல்லாதீர்கள். சின்னத் தொகையானாலும் வருடாவருடம் அனுப்ப முடியுமா என்று பாருங்கள். ரசீது கேளுங்கள், கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

நான் கேட்ட தலைமையாசிரியர் என்னைப் பள்ளியின் பின்பக்கம் கூட்டிப் போனார். அங்கே பெரிய மழைநீர்த் தொட்டி ஒன்று, அதன் மேல் கொடுத்தவர் குடும்பத்தின் பெயர் பளிச்சென்று எழுதியிருந்தது. தட்டிக் காட்டினார், காலி. தகரக் கூரையிலிருந்து தண்ணீரைத் தொட்டிக்குக் கொண்டுவரும் வாய்க்கால் தகடு எங்குமே இல்லை. "எல்லாரும் தொட்டிதான் கொடுக்கிறார்கள்" என்றார். ஊர் வந்து பணம் அனுப்பினேன், மூன்று வாரத்தில் ரசீது வந்தது: தகடு இருபத்திரண்டு மீட்டர், ஆணி, கம்பி, ஏணி வாடகை.